எக்ஸ்ரே அண்ணியின் நாற்பத்தொரு படங்கள்

என் நாத்தனாரை எங்கள் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எக்ஸ்ரே அக்கா என்றால்தான் தெரியும். தபால்காரர்கூட உறையின் மேல் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு, "இது எக்ஸ்ரே அக்காவுக்குத்தானே?" என்று என்னிடம் ஒரு தடவை உறுதி செய்துகொள்வார். பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர் அவர். இருபத்தேழு வருட சர்வீஸ். எனக்கு அண்ணி, என் கணவருக்கு ஒரே அக்கா. மூன்றாம் மாடியில் இடது பக்கக் கதவு எங்களுடையது, வலது பக்கக் கதவு அவருடையது. நடுவில் இருப்பது மூன்றடி நடை. அந்த மூன்றடியை ஒரு நாளைக்கு நாற்பது தடவை கடக்கிறோம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "நேரம் கிடைக்கலை" என்பார், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி. அதற்குமேல் கேட்க யாருக்கும் தைரியம் வராது. கறாரான மனுஷி. எதிரில் நடந்து வருகிற ஆளைப் பார்த்ததுமே, "இடது முட்டி போயிடுச்சு, இவர் ஒத்துக்க மாட்டார்" என்று முணுமுணுப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் என் அப்பாவிடம் முதலில் கேட்டது, "உங்களுக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கே, எப்போ விழுந்தீங்க?" என்பதுதான். அப்பா உண்மையிலேயே விழுந்திருந்தார். அதை என் அம்மாவிடம் சொல்லாமல் வேறு மறைத்து வைத்திருந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த ரகளையில், மாப்பிள்ளையை யாரும் சரியாகப் பார்க்கவே இல்லை. அதனால்தான் இவர் எனக்கு வாய்த்தார் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்ட அண்ணி, மூன்று வருடமாக யாருக்கும் தெரியாமல் படம் வரைந்துகொண்டிருந்தார்.

எனக்கே இரண்டு மாதம் முன்புதான் தெரியும். கதவைத் தட்டி உள்ளே வந்தவர், என் இரண்டு மகள்களும் பள்ளிக்கூடம் போய்விட்டார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, திருடப் போகிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார். எக்ஸ்ரே அறைக்கு வருகிற குழந்தைகள் பயந்து அலறுகிறார்களாம். ஜில்லென்று ஒரு மேசை, தலைக்கு மேல் பூதம் மாதிரி ஒரு மெஷின், பிடித்துக்கொள்ள அம்மாவின் கையும் இல்லை. யார்தான் அழ மாட்டார்கள்? வெளியே வரிசையில் காத்திருக்கும்போதே அவர்கள் பார்க்க ஒரு படப் புத்தகம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. பேசுகிற எலும்புகள், கோபித்துக்கொள்ளும் முழங்கை, அந்த மாதிரி. மொத்தம் நாற்பத்தொரு படங்கள். எல்லாம் அவருடைய பழைய லேப்டாப்பில், விண்டோஸோடு வரும் அந்தச் சாதாரண பெயிண்டில், மவுஸைப் பிடித்து வரைந்தவை. மவுஸில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எப்படி உருளைக்கிழங்காக வந்து நிற்கும் என்று.

"குழந்தைங்க வார்டு தலைமை நர்ஸ் இருக்காளே, அவகிட்ட ரெண்டே ரெண்டு படம் காட்டினேன். அவ போய் பெரியவங்ககிட்ட பேசி, ஆஸ்பத்திரி ஃபாரம் எல்லாம் அடிக்கிற அச்சகத்துலயே அடிக்க ஏற்பாடு பண்ணிட்டா. அடுத்த மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை காலையில மொத்தத்தையும் கொடுக்கணும்."

"கொடுக்கலைன்னா?"

"அந்த இடத்துல 'கை கழுவுவது எப்படி'ன்னு ஒரு துண்டுப்பிரசுரம் ரெடியா இருக்கு. அதை அடிச்சிடுவாங்க." பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிரிப்பு வருமான்னுதான் தெரியலை. நானே வரைஞ்சு நானே பார்க்கிறேன், எனக்கு எப்படித் தெரியும்? உன் வீட்டுக்காரன்கிட்ட மூச்சு விடாதே. கிண்டல் பண்ணியே கொன்னுடுவான்" என்றார். எனக்குக் காட்டவும் இல்லை. அச்சில் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். இருபத்தேழு வருடமாக ஊரார் உள்ளே இருப்பதையெல்லாம் பார்த்தவருக்கு, தன் உள்ளே இருப்பதைக் காட்ட அவ்வளவு கூச்சம். எனக்கு அவர்மேல் ஆசை ஆசையாக வந்தது.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷர். ஆனால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற எதையும் ஓடட்டும் என்று விட்டுவைக்க அவரால் முடியாது. எங்கள் வீட்டு மிக்ஸி இன்னும் வேகமாகச் சுற்றும் என்று பிரித்தார், இப்போது அது சுற்றுவதே இல்லை. இரண்டு வருடமாக அவருக்கு, விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடும் லினக்ஸ் மேல் பித்து. பழைய கம்ப்யூட்டரைக் கண்டால், பசியோடு இருக்கிற பிள்ளையைக் கண்ட தாய் மாதிரி ஆகிவிடுவார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அண்ணிக்கு டூட்டி. இவர் மாற்றுச் சாவி போட்டு அக்கா வீட்டைத் திறந்து, லேப்டாப்பை எடுத்து வந்துவிட்டார். அக்காவுக்கு ஆச்சரியம் கொடுக்கப் போகிறாராம். நான் கடையில் இருந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் வேலை எனக்கு, ஞாயிறு அரை நாள் உண்டு. மத்தியானம் நான் வீட்டுக்கு வரும்போது பாதி வேலையை முடித்திருந்தார்.

"அண்ணியைக் கேட்டீங்களா?"

"கேட்டா ஆச்சரியம் எப்படி வரும்? எதையும் அழிக்கலை. விண்டோஸ் அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும். பக்கத்துல ஒரு தடுப்புப் போட்டு லினக்ஸுக்கு இடம் கொடுக்கறேன், அவ்வளவுதான்."

சாயங்காலம் அண்ணி வந்தார். லேப்டாப் இருபது விநாடியில் திறந்தது. முன்பெல்லாம் அதைத் திறந்து வைத்துவிட்டுக் குளித்துவிட்டே வரலாம். இவருக்கு வாயெல்லாம் பல். அண்ணி திரையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த எதுவுமே அதில் இல்லை.

"என் படமெல்லாம் எங்கேடா?"

"என்ன படம்?"

அண்ணி லேப்டாப்பைத் தள்ளி வைத்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அண்ணி கோபத்தில் கத்தினால் பயமில்லை, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். சத்தமே இல்லாமல் கதவைச் சாத்தினால்தான் பயம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், கொடுத்த வாக்கை அங்கேயே உடைத்தேன். நாற்பத்தொரு படம், மூன்று வருஷம், வெள்ளிக்கிழமை அச்சு, எல்லாவற்றையும் இவர் முகத்துக்கு நேரே கொட்டினேன். இவர் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில், "அக்கா வரைவாளா?" என்று மட்டும் கேட்டார். கூடப் பிறந்து நாற்பத்தைந்து வருடம் ஆகிறது!

அதற்குப் பிறகு மனுஷர் உட்கார்ந்ததுதான். விண்டோஸுக்குத் திரும்பிப் போகலாம் என்றால் அதற்கு வழி காட்டும் பட்டியலில் விண்டோஸ் பெயரே வரவில்லை. சரி, லினக்ஸில் இருந்தபடியே அந்தப் பக்கக் கதவைத் திறந்து பார்க்கலாம் என்றால், திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. அந்த விண்டோஸ் முழுவதுமாக அணைந்திருக்கவில்லையாம். நாம் அணைத்தாலும், அடுத்த தடவை சீக்கிரம் எழுந்திருக்க வசதியாக அரைத் தூக்கத்தில் கிடக்குமாம். தூங்குகிறவனின் சட்டைப்பையில் கை விட லினக்ஸ் சம்மதிக்காதாம். லினக்ஸுக்கு இருந்த அந்த நாகரிகம் இவருக்கு இல்லாமல் போய்விட்டதே என்று சொன்னேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு வழி கண்டுபிடித்தார். பார்க்கலாம், நகல் எடுக்கலாம், ஆனால் எதையும் மாற்றவோ எழுதவோ முடியாது. அப்படி என்றால் கதவைத் திறந்துவிடுமாம். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திறந்தது! விண்டோஸ் பக்கம் முழுக்க அப்படியே இருந்தது. எங்கள் வீட்டிலும் அவ்வப்போது அதை வாங்கிப் பயன்படுத்துவது உண்டு என்பதால் என் மகள்களின் விளையாட்டுகள், இவருடைய லிஃப்ட் கையேடுகள், யார் யாரோ அனுப்பிய ஆயிரத்துச் சொச்சம் காலை வணக்கப் பூக்கள். அண்ணியின் பெயரில் இருந்த படங்கள் பெட்டியில் அவருடைய ஆதார் அட்டை ஒன்றும், பக்கத்து வீட்டுப் பூனை ஒன்றும். நாற்பத்தொரு படங்களில் ஒன்றுகூட இல்லை. இருக்கிற படக் கோப்பு அத்தனையையும் தேடச் சொல்லிப் பார்த்தார். பூக்கள்தான் வரிசை கட்டி வந்தன.

"தடுப்பு போடும்போது என்னமோ வெட்டுப்பட்டுப் போச்சு போலிருக்கு" என்றார். குரல் உடைந்திருந்தது. திட்டுவதற்காகத் திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

செவ்வாயும் புதனும் நான்தான் தூது. அந்த மூன்றடி நடையை அத்தனை தடவை கடந்து என் கால் தேய்ந்தது.

"அண்ணி, படத்தை எங்கே வச்சிருந்தீங்கன்னு கேக்கறார்."

"கம்ப்யூட்டர்லதான். பின்னே சர்க்கரை டப்பாவிலயா வைப்பேன்?"

"கம்ப்யூட்டர்ல எங்கேன்னு…"

"பத்திரமான இடத்துல வச்சேன்னு சொல்லு. பத்திரமான இடத்துல வச்சதையே தொலைச்சுட்டான்னு சொல்லு."

நானும் போய் அதை அப்படியே சொன்னேன். இவர் இன்னும் சுருங்கினார். புதன்கிழமை மத்தியானம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் சுத்தமா துடைச்சுட்டு விண்டோஸைப் புதுசா போட்டுடலாம் சார், ஒரு மணி நேர வேலை" என்றாராம். இவர் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். படியேறி வந்து மூச்சு வாங்க நின்றவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த ஆளையா நான் ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேச்சுப் பேசினேன்!

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் நேராக வலது பக்கக் கதவைத் தட்டினேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில நர்ஸ்கிட்ட சொல்லிடறேன். கை கழுவறதையே போடட்டும். அதுவும் நல்ல விஷயம்தான்" என்றார். துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க தம்பிக்கு நீங்க எங்கே வச்சீங்கன்னு தெரியாது. உங்களுக்கு அவர் என்ன தேடறார்னு தெரியாது. நடுவுல நான் ஒருத்தி எதுவும் புரியாம ரெண்டு பக்கமும் ஓடிக்கிட்டிருக்கேன். வாங்க அண்ணி, வந்து உட்கார்ந்து, நீங்க எப்படித் திறப்பீங்களோ அப்படியே சொல்லுங்க. அவரோட பேச வேண்டாம். சொன்னா போதும்." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்துவிட்டேன்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். லினக்ஸில் எதுவும் பிடிபடாமல் அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். விரல் காற்றில் தட்டியது.

"கம்ப்யூட்டர்னு ஒரு படம் இருக்கும். அதை ரெண்டு தட்டு. ரெண்டு பெட்டி வரும். பெரிய பெட்டி எல்லாரோடதும். சந்தைக்கடை. உன் பொண்ணுங்க ஒரு தடவை என் லீவு விண்ணப்பத்தையே அழிச்சுட்டாங்க. அதுல நான் எதையும் வைக்கறதில்லை. சின்னப் பெட்டி ஒண்ணு இருக்கும். அதைத் திறந்தா ஒரு போர்டு வரும், எச்சரிக்கை, இங்கே எதையும் வைக்காதே, எதையும் அழிக்காதேன்னு. அந்த போர்டைத் தாண்டி உள்ளே போ."

இவர் மெதுவாகத் திரும்பி, நான்கு நாளில் முதல் தடவையாக அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா. அது ரெக்கவரி பார்ட்டிஷன். கம்ப்யூட்டர் படுத்துட்டா பழையபடி எழுப்பறதுக்காக கம்பெனிக்காரன் ஒதுக்கி வச்ச இடம். அதுல எதையும் வைக்கக் கூடாதுன்னு அவ்வளவு பெருசா எழுதியிருக்கே?"

"அதனாலதான்டா அங்கே வச்சேன்!"

இவர் திருதிருவென விழித்தார். அண்ணிக்கு வேகம் வந்துவிட்டது.

"எங்க ஆஸ்பத்திரியில ஓய்வு அறையில குடை வச்சா குடை போயிடும், சாப்பாட்டு டப்பா வச்சா டப்பா போயிடும். தலைமை நர்ஸோட ஸ்வெட்டரே போச்சு. என் அறை வாசல்ல மட்டும் மஞ்சள் போர்டு தொங்குது, கதிர்வீச்சு, உள்ளே வராதேன்னு. இருபத்தேழு வருஷமா அங்கே ஒரு குண்டூசி காணாமப் போனதில்லை. அந்த மாடியில இருக்கிற அத்தனை பேரும் பையை என்கிட்டதான் கொண்டாந்து வைக்கறாங்க. வராதேன்னு எழுதின இடம்தான்டா இருக்கறதுலயே பத்திரமான இடம்!"

இவர் லேப்டாப் பக்கம் திரும்பினார். விரல்கள் ஓடின. லினக்ஸில் ஹார்ட் டிஸ்க்கை முழுதாகக் காட்டும் ஒரு கருவி இருக்கிறது. நீளமான பட்டை ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும். பெரிய துண்டு விண்டோஸ். அடுத்தது ஞாயிற்றுக்கிழமை போட்ட லினக்ஸ். வால் மாதிரி கடைசியில் ஒரு சின்னத் துண்டு. விண்டோஸில் தெரிந்தாலும் லினக்ஸ் இதை மறைத்துவிடுவதால், மற்ற இடங்களோடு இது பட்டியலில் வருவதில்லையாம். தேடும்போது இவரும் அது கம்பெனிக்காரன் சொத்து என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அதைத் தொட்டார். கீழே ஒரு முக்கோணப் பொத்தான் வந்தது. அழுத்தினார். கடவுச்சொல் கேட்டது. அவசரத்தில் இவர் முதல் தடவை தப்பாக அடித்தார். "நிதானமா அடிடா" என்றார் அண்ணி. இந்த டாவில் கோபம் இல்லை என்றதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

திறந்தது. புரியாத பெயர்களில் கம்பெனிக்காரர்களின் பெட்டிகள் ஏழெட்டு இருந்தன. அவற்றின் நடுவில், ஒண்ட வந்தவர் மாதிரி, தமிழில் ஒரு பெட்டி: பழைய டூட்டி லிஸ்ட்.

"போர்டைத் தாண்டி எவனாவது வந்தாலும் இதைத் திறக்க மாட்டான் பாரு" என்றார் அண்ணி.

இவர் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் வாய்விட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று. நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது. இவர் முதல் காரியமாக மொத்தத்தையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்தார். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை இந்தத் துண்டையும் அழிச்சுட்டு லினக்ஸுக்குக் கொடுக்கலாம்னு நினைச்சேன் அக்கா. பட்டன் மேல விரலே வச்சுட்டேன்."

"அப்புறம்?"

"இவ சமையலறையில இருந்து, டீ ஆறிப் போகுது, எத்தனை தடவை கூப்பிடறதுன்னு ஒரு கத்து கத்தினா. எழுந்து போயிட்டேன். திரும்பி வந்தப்போ, இருக்கிற இடமே போதும்னு விட்டுட்டேன்."

பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் என் வாய்க்கு மரியாதை கிடைத்த ஒரே நாள் அது. அண்ணி என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். இனிமேல் தொண்டை வறளக் கத்துவேன் என்று அங்கேயே அறிவித்தேன்.

"பார்க்கட்டுமா அக்கா?" என்று இவர் கேட்டார்.

அண்ணி வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுந்து, எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். இவர் முதல் படத்தைத் திறந்தார். விலா எலும்புகள் எல்லாம் குடும்பப் போட்டோவுக்கு நிற்கின்றன. கடைசித் தம்பி மட்டும் குட்டையாக இருப்பதால் தெரியவில்லையாம், எம்பி எம்பிப் பார்க்கிறான். இவர் லேசாகப் புன்னகைத்தார். இரண்டாவது, மூன்றாவது. கோபித்துக்கொண்டு மூட்டைக்குள் ஒளிந்த முழங்கை. மாவுக்கட்டு போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி ஊர்வலம் போகிற கால். இவர் "ஹ" என்று ஒரு சத்தம் போட்டார். அண்ணியின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

பதினேழாவது படம். ஒரு பாப்பா சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டாள். எக்ஸ்ரேயில், வயிற்றுக்குள் அந்தப் பொத்தான் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. ஒரு கையை ஆட்டிச் சொல்கிறது: யாரும் கவலைப்படாதீங்க, நாளைக்குக் காலையில நானே பின்வாசல் வழியா வந்துடறேன்.

என் வீட்டுக்காரர் வெடித்துச் சிரித்தார். சிரித்துச் சிரித்து மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். தலையைத் தூக்கி மறுபடி பார்த்து மறுபடி சிரித்தார். என்னமோ ஏதோ என்று மகள்கள் இருவரும் ஓடி வந்தார்கள். அவர்களும் பார்த்தார்கள். சின்னவள் தரையில் உருண்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. தம்பி சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிரிக்கிறான் பாரு" என்று என் காதில் சொன்னார். "கிண்டல் இல்லை. நெஜமாவே சிரிக்கிறான்."

வெள்ளிக்கிழமை காலை இவரே லீவு போட்டு, அண்ணியை வண்டியில் அச்சகத்துக்குக் கூட்டிப் போனார். லேப்டாப்பில் லினக்ஸ் அப்படியே இருக்கிறது. அண்ணிக்கு அதன் வேகம் பிடித்துப்போய்விட்டது, ஆனால் தம்பியிடம் ஒத்துக்கொள்ள மாட்டார். புத்தகம் மூன்றே வாரத்தில் வந்துவிட்டது. கை கழுவுகிறவர்கள் அடுத்த முறைக்குக் காத்திருக்கிறார்கள்.

நேற்று அண்ணி வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். பையைக்கூட வைக்கவில்லை, எங்கள் வாசலில் நின்றுகொண்டே புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"என் வேலையே கெட்டுப் போச்சும்மா. உள்ளே வரும்போதே பொத்தானை நினைச்சுச் சிரிச்சுக்கிட்டே வருதுங்க. மேசையில படுக்க வச்சா வயிறு குலுங்குது. ஆடினா படம் கலைஞ்சிடும், பிஞ்சு உடம்புக்கு ரெண்டாவது தடவை எடுக்கக் கூடாது. என்ன பண்ணுவேன்? சிரிச்சு முடிக்கட்டும்னு நின்னுக்கிட்டே இருக்கேன். வெளியே வரிசை வாசல் வரைக்கும் போயிடுச்சு."

"பெரிய டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார். ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டார். இருபத்தேழு வருஷமா அழுகை நிக்கறதுக்காகக் காத்திருந்தேன் சார், இப்போ சிரிப்பு நிக்கறதுக்காகக் காத்திருக்கேன், கொஞ்சம் பொறுத்துக்குங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."